ஆள் வராமலே ஈபி மீட்டர் ரீடிங் எடுக்கிறது எப்படி? எங்க தர்மபுரி பக்கம் மலை ஊருக்கு எல்லாம் அது சரிப்படுமா?

கேள்வி கேட்டவர் சொல்றது, பென்னாகரம் பக்கம் ஊர்ல வீடு பூட்டியே கிடக்கு, நாங்க குடும்பத்தோட பெங்களூர்ல இருக்கோம், ரீடிங் எடுக்க வர்றவர் பூட்டைப் பாத்துட்டு திரும்பிப் போயிடறார், ஸ்மார்ட் மீட்டர் வந்தா இந்தத் தொல்லை தீருமான்னு. நானும் அதே ஜில்லாதாங்க, பாலக்கோடு பக்கம். ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ், பேனலுக்குப் பேனல் இருக்கிற மீட்டரை எல்லாம் ஒயர் இழுத்து ஒரே ஸ்க்ரீன்ல கொண்டாந்து காட்டுற வேலை என் தலையிலதான் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பூட்டின வீட்டுப் பிரச்சினை தீரும். ஆனா டவுன்ல போடற மாதிரியே மலை ஊர்லயும் கொண்டுபோய் மாட்டினா பாதி மீட்டர் ஊமையா உக்காந்திருக்கும், அப்புறம் பழையபடி ஆள்தான் நடக்கணும்.

எங்க அத்தை ஒருத்தங்க டிவில நியூஸ் பாத்துட்டு, "ஏம்ப்பா, அவன் எங்கயோ உக்காந்துக்கிட்டு நம்ம மீட்டரை வேகமா ஓட விட்ருவானா?"ன்னு கேட்டாங்க. நிறைய பேருக்கு இந்த பயம் இருக்கு, அதனால முதல்ல இதைச் சொல்லிடறேன். மீட்டருக்குள்ள யூனிட்டை எண்ணுற வேலை தனி, எண்ணினதை வெளிய சொல்ற வேலை தனி. இப்ப உங்க வீட்ல இருக்கிற எலக்ட்ரானிக் மீட்டர்லயே ஒரு சிவப்பு லைட் மினுக்கிட்டு இருக்கும் பாருங்க, பக்கத்துல 3200 இம்பல்ஸ்னோ 1600ன்னோ பிரின்ட் பண்ணியிருக்கும், 3200ன்னா அத்தனை தடவை மினுக்கினா ஒரு யூனிட். அந்த எண்ணிக்கை மீட்டர் மெமரிக்குள்ள ஏறிக்கிட்டே இருக்கும். ஸ்மார்ட் மீட்டர்ல கூடுதலா இருக்கிறது ஒரு ரேடியோ இல்லாட்டி சிம் போட்ட மோடம், அது அந்த எண்ணைப் படிச்சு அனுப்புது, அவ்ளோதான். டவர் போனா யூனிட் கூடாது, குறையாது, அனுப்பறதுதான் லேட் ஆகும்.

இதுல ரொம்ப பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு, என்னைக் கேட்டா பூட்டின வீட்டுக்காரங்களுக்கு இதுதான் முக்கியம். இந்த மீட்டர் எல்லாம் மாசம் முதல் தேதி நடுராத்திரி 12 மணிக்கு என்ன ரீடிங் இருந்துச்சோ அதைத் தனியா எடுத்து வச்சுக்கும். நெட்வொர்க் நாலு நாள் படுத்துக்கிச்சுன்னு வைங்க, அஞ்சாம் நாள் வந்து அந்த 12 மணி ரீடிங்கையே வாங்கிக்கலாம். இப்ப ஆள் வந்து எடுக்கிறப்ப அவர் எந்த நாள் வர்றாரோ அந்த நாள் ரீடிங்தான். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு, நாலஞ்சு நாள் தள்ளிப் போச்சுன்னா வெயில் காலத்துல 490ல நிக்க வேண்டியது 520 ஆயிடும். 2022 செப்டம்பர்ல வந்த ரேட் கார்டுல 500 யூனிட்டைத் தாண்டினா 101லருந்து 200 வரைக்கும் இருந்த ரெண்டேகால் ரூபா ரேட் போயி அந்த நூறு யூனிட்டுக்கும் நாலரை ரூபா, அதாவது மேல ஓடின யூனிட்டுக்கு உண்டான காசு போக 225 ரூபா தனியா ஏறும். ரேட் அதுக்கப்புறம் மாறினாலும், தேதி தள்ளினா ஸ்லாப் தாண்டுற வம்பு வம்புதான். பூட்டின வீடுன்னா பழைய பில்லைப் பாத்து ஒரு தோராயம் போட்டுட்டு அப்புறம் சரி பண்ணுவாங்க, ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்கு அந்த அலைச்சல்?

சரி எப்படி அனுப்புதுன்னு கேட்டீங்க. நம்ம நாட்டு ஸ்மார்ட் மீட்டருக்கு ஐஎஸ் 16444ன்னு ஒரு இந்தியன் ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல ரேடியோவும் உண்டு, செல்போன் நெட்வொர்க்கும் உண்டு. ரேடியோன்னா 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், லைசென்ஸ் வாங்கத் தேவையில்லாத அலைவரிசை. உங்க மீட்டர் பக்கத்து வீட்டு மீட்டர்கிட்ட சொல்லும், அது அடுத்த வீட்டு மீட்டர்கிட்ட சொல்லும், தீ பிடிச்சா கிணத்துலருந்து குடத்தைக் கை மாத்தி கை மாத்தி கொண்டுபோற மாதிரி, கடைசியில கம்பத்துல ஒரு பெட்டி இருக்கும், அது எல்லாத்தையும் சேத்து வாங்கி சிம் வழியா சர்வருக்குத் தள்ளும். வீடும் வீடும் ஒட்டி இருக்கிற இடத்துல இது பிரமாதமா ஓடும். சென்னை தி.நகர்ல ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல ஒரு லட்சத்துக்கு மேல மீட்டர் மாட்டினாங்களே, அந்த மாதிரி ஏரியா. நம்ம ஊர்ல தர்மபுரி டவுன், பாலக்கோடு கடைவீதி, கிருஷ்ணகிரி பழையபேட்டை இங்கெல்லாம் தாராளமா ஓடும்.

இப்ப மலைக்கு வாங்க. எலெக்ஷன் மிஷினைக் கழுதை மேல ஏத்திக் கொண்டுபோற கோட்டூர் மலை நம்ம ஜில்லாதானே, எல்லாரும் போட்டோ பாத்திருப்பீங்க. சித்தேரி, வத்தல்மலை, அந்தப் பக்கம் அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், இங்கெல்லாம் நாலு வீடு இங்க, ஆறு வீடு அந்த ஓடைக்கு அந்தாண்ட. நடுவுல கை மாத்தற ஆள் இல்லைன்னா குடம் அங்கயே நின்னுடும். அப்படியே பேசிக்கிட்டாலும் கம்பத்துப் பெட்டிக்கு டவர் வேணும், அதுவும் இல்லாட்டி ஊர் மீட்டர் எல்லாம் தங்களுக்குள்ள பேசிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். அப்ப மீட்டருக்கு ஒரு சிம் போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம், அதுக்குன்னு தனியா 13 டிஜிட் நம்பர் சிம் இருக்கு, ஆனா நீங்க போனைக் கையில தூக்கிப் புடிச்சு பாறை மேல ஏறி சிக்னல் தேடலாம், சுவத்துல இரும்புப் பெட்டிக்குள்ள மாட்டின மீட்டர் எங்க போயி ஏறும்? கம்பெனியிலயே ஷீட் பேனல் கதவைச் சாத்தினா மோடம் சிக்னல் போயிடும், ஆன்டெனாவை வெளிய இழுத்து வச்சாத்தான் வேலைக்கு ஆகும்.

கரண்ட் கம்பியிலயே அனுப்பற முறையும் உண்டு. இத்தாலியில எனெல் கம்பெனி 2001ல ஆரம்பிச்சு மூணு கோடி மீட்டருக்கு மேல அப்படித்தான் பண்ணுச்சு, உலகத்துலயே முதல்ல இவ்ளோ பெருசா பண்ணினது அவங்கதான். டிரான்ஸ்பார்மர்லருந்து வீட்டுக்கு வர்ற நம்ம எல்டி லைன் எவ்ளோ நீளம், நடுவுல எத்தனை ஜாயின்ட், எத்தனை போர் மோட்டார், அது கம்பியில கிளப்புற மின்சார இரைச்சல்ல சின்ன சிக்னல் தாக்குப் பிடிக்கிறது கஷ்டம்னுதான் எனக்குத் தோணுது. சொல்லப்போனா இந்த யோசனையே பழசு, தியடோர் பராஸ்கேவகோஸ்னு ஒரு கிரேக்கக்காரர் போன்ல யார் கூப்பிடறாங்கன்னு நம்பர் காட்டற டெக்னிக்ல வேலை பார்த்துட்டு இருந்தவர், 1970கள்லயே டெலிபோன் லைன் வழியா மீட்டர் படிக்கிற சிஸ்டம் செஞ்சு, 1977ல அதுக்குன்னு மெட்ரிடெக்னு கம்பெனியே ஆரம்பிச்சுட்டார். ஆக தூரத்துலருந்து படிக்கிறது ஒண்ணும் ராக்கெட் விஷயம் இல்ல, மீட்டருக்கும் டவருக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கொஞ்ச தூரம்தான் எல்லா ஊர்லயும் தலைவலி.

அதனால என் அபிப்பிராயம் என்னன்னா, மலை ஊர்ல வீட்டுக்கு வீடு ஆன்லைன் ஆகணும்னு அடம் புடிக்க வேண்டாம். ஊர் டிரான்ஸ்பார்மர்ல ஒரு மீட்டர் மாட்டி அதை மட்டும் ஆன்லைன்ல கொண்டாந்தா போதும், அந்த ஊருக்கு எவ்ளோ கரண்ட் போச்சு, எப்ப கட் ஆச்சுன்னு ஆபீஸ்ல தெரிஞ்சிடும், அதுல வீட்டு ரீடிங் மொத்தத்தைக் கழிச்சா எவ்ளோ லாஸ்னும் தெரியும். வீட்டு மீட்டரை, ரேடியோ இருக்கிற மீட்டரா போட்டு, ஆள் கையில மிஷினோட தெருவுல நடந்து போனாலே கதவு தட்டாம வாங்கிக்கலாம். 12 மணி ரீடிங் மெமரியில இருக்கு, அவர் 1ஆம் தேதி வந்தா என்ன, 6ஆம் தேதி வந்தா என்ன. பூட்டின வீட்டுக்கும் இதுவே போதும்.

ஃபேக்டரிக்கு கதை வேற. அங்க மாசத்துக்கு ஒரு எண் பத்தாது. பீக் அவர்ல ஓட்டினா எக்ஸ்ட்ரா சார்ஜ், கேவிஏ டிமாண்ட், அதாவது ஒரே நேரத்துல இழுக்கிற லோடு, வாங்கி வச்ச அளவைத் தாண்டினா தனி அடி, அதனால 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு ஒரு நாளைக்கு 96 எண் வேணும், ஃபேக்டரி மாதிரி பெரிய இடத்துக்குக் குடுக்கிற உயர் அழுத்த ஹெச்டி சர்வீஸ்ல ரொம்ப நாளாவே மோடம் வச்சு படிக்கிறாங்க. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிக்காரங்களைக் கேட்டுப் பாருங்க, சீசன் ரெண்டு மூணு மாசத்துல டிமாண்ட் எப்படி எகிறும்னு சொல்வாங்க.

இதே 96 எண் வீட்டு மீட்டர்லருந்தும் சர்வருக்குப் போகும்ங்கிறதை யோசிச்சுப் பாருங்க, வீட்ல ஆள் இருக்கா இல்லையான்னு அந்த கிராஃபைப் பாத்தாலே தெரியும், ஃபிரிட்ஜ் கூட ஓடாத வீடு சுத்தமா கோடு போட்ட மாதிரி இருக்கும். ஏஇஎஸ் 128ங்கிற ரகசியக் குறியீட்டு முறையில பூட்டிதான் அனுப்புறாங்க, வழியில எவனும் ஒட்டுக் கேக்கிறது லேசு இல்ல. சர்வர்ல யார் யார் பாக்கலாம்ங்கிறதுலதான் எனக்கு சந்தேகம்.

ப்ரீபெய்டு, காசு தீர்ந்தா அங்கிருந்தே கட் பண்ணிடுவானான்னு இன்னொருத்தர் கமென்ட்ல கேட்டிருந்தார். வீட்டு ஸ்மார்ட் மீட்டருக்குள்ள ரிலேன்னு தூரத்துலருந்தே இயக்கற ஒரு சுவிட்ச் இருக்கு, கட் பண்ண முடியும். ரீடிங் எடுக்கிறதுக்கு அது தேவையே இல்ல, அது வசூல் பண்ற கொள்கை, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். மின் விநியோகத்தைச் சீர்படுத்தறதுக்குன்னு மத்திய அரசு 2021ல கொண்டாந்த ஆர்டிஎஸ்எஸ் திட்டத்துல 25 கோடி ப்ரீபெய்டு மீட்டர்னு இலக்கு வச்சாங்க, விவசாய மோட்டார் அதுல சேத்தி இல்ல. நம்ம மாநிலத்துல அதுக்கு விட்ட டெண்டர் 2024 டிசம்பர்ல ரத்தாச்சு, அதனால நாளைக்கே உங்க வீட்டுக்கு வந்துடும்னு எதிர்பாக்காதீங்க.

என்னைக்கு வந்து மாத்தினாலும் ஒண்ணு பண்ணுங்க. பழைய மீட்டரைக் கழட்டறப்ப அதோட கடைசி ரீடிங், சீரியல் நம்பர், புது மீட்டரோட ஆரம்ப ரீடிங் மூணையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க, நீங்க பெங்களூர்ல இருந்தா பக்கத்து வீட்டு அண்ணனை எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க. மீட்டர் மாத்தின மாச பில்லுல ஏதாச்சும் தகராறுன்னா அந்த மூணு போட்டோ இல்லாம ஆபீஸ்ல பேச வழியே இல்ல.