ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழே பால் கெடுகிறது: கேஸ் போய்விட்டதா?

கேள்வி: எங்களுடையது டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜ். வாங்கி நான்கு வருடமாகிறது. ஃப்ரீசரில் ஐஸ் நன்றாக உறைகிறது. கீழ்த்தட்டில் வைத்த பால் மறுநாளே திரிந்துவிடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "கேஸ் போயிடுச்சு, புதுசா ஏத்தணும்" என்கிறார். ஏற்றிவிடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். கேஸ் நன்றாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் ஃப்ரீசரிலும் குளிர் குறைந்திருக்கும். உங்கள் ஃப்ரீசர் நன்றாக இருப்பதால் சந்தேகம் வேறு பக்கம் போகிறது.

இந்த வகை பிரிட்ஜில் குளிரூட்டும் காயில் ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும். அதன் குளிரை ஒரு சின்ன ஃபேன்தான் கீழே தள்ளுகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் காற்றின் ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதைக் கரைக்க கம்ப்ரஸர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டர் சுமார் 20, 30 நிமிடம் எரியும். உருகிய நீர் குழாய் வழியாகப் பின்னால் கம்ப்ரஸர் மேலுள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். (அப்போது 'சொய்ங்' என்று கேட்பது ஹீட்டரில் விழும் சொட்டு. அதற்காக யாரையும் கூப்பிட வேண்டாம்.)

ஹீட்டரோ, அதைக் கட்டுப்படுத்தும் தெர்மல் ஃப்யூஸோ, சென்சாரோ, டைமரோ கெட்டால் பனி கரையாது. காயில் முழுக்க ஐஸ் மூடி, காற்று போகும் வழி அடைபடும். மேலே குளிர் இருக்கும், கீழே வராது. ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டில் வெண்பனி படர்ந்திருக்கிறதா, ஃபேன் எதிலோ உரசுவதுபோல 'கரகர' சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பொருட்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் ஒருநாள் முழுக்கத் திறந்து வையுங்கள். அடியில் பழைய துணி போட மறக்காதீர்கள், தண்ணீர் நிறைய வரும். பிறகு ஓடவிட்டால் கீழே பழையபடி குளிர்ந்து, சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ மறுபடி மக்கர் செய்கிறதா? பெரும்பாலும் டீஃப்ராஸ்ட் (பனியைக் கரைக்கும் அமைப்பு) கோளாறுதான். போன கேஸ் ஒருநாள் ஓய்வில் திரும்பி வராது. காய்ந்த பிறகும் கீழே குளிரவே இல்லை என்றால் ஃபேன் மோட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் கதவைத் திறந்தால் ஃபேன் நின்றுவிடும்; கதவோரத்து சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு காதுகொடுத்துக் கேளுங்கள்.

உண்மையிலேயே கேஸ்தான் போயிருந்தாலும், ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஏற்றுவது வீண். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது. ஓடி ஓடித் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. எது மாற்றப்பட்டது என்று பில்லில் எழுதச் சொல்லி, பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். வாரண்டி அட்டையையும் எடுத்துப் படியுங்கள்: பெரிய எழுத்தில் உள்ள '10 வருடம்' வழக்கமாக கம்ப்ரஸருக்கு மட்டும். ஹீட்டர், சென்சாருக்கு ஒரு வருடம்தான் இருக்கும். வாரண்டிக்குள் இருந்தும் சர்வீஸில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: சிங்கிள் டோர் பிரிட்ஜ். ஃப்ரீசரில் ஐஸ் மலையாக ஏறிவிட்டது. கத்தியால் பெயர்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தச் சுவரே காயில். உள்ளே கேஸ் ஓடுகிறது. ஒரு குத்து போதும், சரிசெய்யும் செலவைக் கேட்டால் புது பிரிட்ஜே வாங்கலாம் என்று தோன்றும். இப்போது பல மாடல்களில் இருப்பது R600a, எளிதில் தீப்பற்றும் கேஸ். குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் திருகியின் நடுவிலுள்ள பட்டனை அழுத்திவிடுங்கள், கரைந்ததும் தானாக வெளியே வந்துவிடும். அரை சென்டிமீட்டர் ஏறும்போதே இதைச் செய்துவிட்டால் மலை ஏறாது.

கரைத்த சில நாட்களிலேயே மறுபடி ஏறினால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று புகுகிறது. முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள், பாதி நேரம் அங்கே ஒட்டியிருப்பது காய்ந்த மாவுதான். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.