ஊருணிக்கரைத் தட்டான்கள் – கடிதமும் பதிலும்

ஐயா,

வணக்கம். காரைக்குடியில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். வகுப்பில் சிலர் சேர்ந்து சுற்றுவட்டார ஊருணி, கண்மாய்க் கரைகளில் பூச்சிகளைப் படமெடுத்துப் பட்டியல் போட்டு வருகிறோம். கிடைப்பதெல்லாம் எங்கேயும் இருக்கிற தட்டானும் வண்ணத்துப்பூச்சியும்தான். புதிய இனம் எதுவும் சிக்கவில்லை. "இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள். இந்தப் பட்டியலால் பயன் உண்டா?

– ஒரு மாணவி, காரைக்குடி

அன்புள்ள மாணவிக்கு,

உண்டு. புதிய இனம் சிக்கினால்தான் ஆராய்ச்சி என்ற நினைப்பை மட்டும் முதலில் தள்ளி வையுங்கள்.

"எங்கேயும் இருக்கிற தட்டான்" என்கிறீர்கள். மழைக்காலத்தில் வயல்வெளியிலும் மைதானத்திலும் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டான், பேன்டாலா ஃப்ளாவசென்ஸ், அந்தப் பட்டியலில் நிச்சயம் இருக்கும். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளருக்கு அதைப் பார்த்து ஒரு சந்தேகம் வந்தது. தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள்தான் கழியும். அந்தத் தீவுகளிலோ தரைமேல் நன்னீர் அநேகமாகக் கிடையாது. பின்னே, அக்டோபர் ஆனால் இத்தனை தட்டான் எங்கிருந்து வருகிறது? அவர் பெரிய கருவி எதையும் தேடிப் போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அவை வந்த தேதியைக் குறித்தார். மற்ற இடங்களில் தென்பட்ட தேதிகளையும் சேர்த்தார். முதலில் தென்னிந்தியா, அப்புறம் மாலத்தீவு, அதற்கப்புறம் சேஷல்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கா என்று ஒரு வரிசை தெரிந்தது. இவை இந்தியப் பெருங்கடலையே தாண்டுகின்றன என்று 2009-ல் கட்டுரை வெளியிட்டார். அந்த வரிசையில் முதலில் இருப்பது நம்ம பக்கம். கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ கூட்டம் வந்த தேதியை வருஷா வருஷம் எழுதி வையுங்கள், போதும்.

செட்டிநாட்டில் உங்களுக்கு வாய்த்த பெரிய வசதி ஊருணிதான். ஒன்றுக்கு நாலு பக்கமும் கல்படி, இன்னொன்றுக்கு வெறும் மண்கரை, மற்றொன்றைத் தூர்வாரிச் சிமென்ட் பூசியிருப்பார்கள். ஊசித்தட்டான்கள் நீர்ச்செடியின் தண்டைக் கீறி அதற்குள் முட்டையிடுபவை. செடியை வழித்தெடுத்துச் சிமென்ட் போட்ட கரையில் அவற்றுக்கு இடமில்லை. கிரானைட் கோஸ்ட் என்கிற, சாம்பலும் கருப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும் தட்டான் நேரெதிர். கருங்கல் சுவரில் அப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. பாறைக்குழியிலும் சிமென்ட் தொட்டியிலும் தேங்கிய தண்ணீரே அதற்குப் போதும். மூன்று வகைக் கரையிலும் மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே தூரம் நடந்து எண்ணிப் பாருங்கள். ஊருணியைச் சீரமைக்கிறவர்களிடம் "ஒரு பக்கமாவது மண்கரையாக விடுங்கள்" என்று கேட்க அந்த எண்ணிக்கை வேண்டும். நானும் கேட்கலாம்தான், என் பேச்சை யார் மதிக்கப் போகிறார்கள்? தைலமரக் காட்டையும் பக்கத்துப் பொட்டலையும்கூட இப்படி ஒப்பிடலாம்.

ஜெர்மனியில் கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கம் செய்ததும் இதுதான். ஒரே மாதிரிப் பொறி வைத்து, விழுந்ததை எடை போட்டு எழுதிக்கொண்டே வந்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களிலேயே 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருப்பது 2017-ல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பழைய கணக்கு இல்லாவிட்டால் "அப்பல்லாம் நிறைய இருந்துச்சு" என்ற பேச்சோடு போயிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். இடம், தேதி, நேரம், உட்கார்ந்திருந்த செடி, பார்த்தவர் பெயர், இவை இல்லாத படம் எத்தனை அழகாக இருந்தாலும் கணக்கில் சேராது. வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு அங்கிருந்து எடுத்துச் சேமிக்காதீர்கள். எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து போய்விடும். தட்டானை மேலிருந்து மட்டும் எடுக்காமல் பக்கவாட்டிலும் எடுங்கள், வால்நுனி தெரியாமல் பல இனங்களைப் பிரிக்க முடியாது. பிடித்துக் குத்தி வைக்கும் ஆசை வந்தால் முதலில் பேராசிரியரிடம் பேசுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. குடிதண்ணீர் ஊருணியாக இருந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். காலை நனைத்தால் திட்டு விழும், அது நியாயமான திட்டு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். புரட்டாசிக்குள் ஊருணிகளை முடிவு செய்துவிடுங்கள். முதல் கணக்கு மழைக்கு முந்தியதாக இருக்கட்டும்.