ஸ்கூல் ஸ்டாஃபுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன்: சேலம், ஏற்காடு மக்கள் கேட்டதும் நான் சொன்னதும்

வணக்கங்க. சேலத்துலயும் ஏற்காட்டுலயும் ஸ்கூல்களுக்கு ஆள் எடுக்கற வேலைய ரொம்ப வருஷமா பாத்துட்டு வர்றவ நான். வந்த கேள்விக்கெல்லாம் கீழ பதில் போட்டிருக்கேன்.

அஸ்தம்பட்டி, யுகேஜி பையனோட அம்மா: டீச்சருக்கு மட்டும்தான் வெரிஃபிகேஷன், ஆயாவுக்கெல்லாம் தேவையில்லைன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. சரியா அக்கா?

சரியில்லைங்க. போக்சோன்னா குழந்தைங்கள பாலியல் குற்றங்கள்ல இருந்து காக்கற சட்டம். 2020 மார்ச்ல வந்த அதோட விதிகள்ல டீச்சிங், நான்டீச்சிங், பர்மனென்ட், கான்ட்ராக்ட்னு எந்தப் பிரிவும் கிடையாது, குழந்தைங்ககிட்ட பழகற அத்தனை ஸ்டாஃபுக்கும் பண்ணனும், அதுவும் சேரும்போது ஒரு தடவ பண்ணிட்டு விடாம அப்பப்ப பண்ணிட்டே இருக்கணும். உங்க பையன பாத்ரூம் கூட்டிட்டுப் போறது, டிரஸ் மாத்தி விடறது ஆயாம்மா தானே, அப்போ முதல்ல யாரைப் பாக்கணும் சொல்லுங்க.

அம்மாபேட்டை, நர்சரி ஸ்கூல் தாளாளர்: எங்க போய் அப்ளை பண்றது? பாஸ்போர்ட் ஆபீஸ்ல தர்ற சான்று போதுமா?

அது வெளிநாடு போறவங்களுக்குங்க, இதுக்கு ஆகாது. தமிழ்நாடு போலீஸோட ஆன்லைன் சேவையில வேலைக்கான சரிபார்ப்புன்னு தனியாவே இருக்கு, ஃபீஸும் அதுலயே கட்டிடலாம். ஒரே ஒரு விஷயம், ஸ்டாஃப் கொண்டு வந்து நீட்டற ஜெராக்ஸ வாங்கி ஃபைல்ல போட்டுடாதீங்க, ஸ்கூல் பேர்ல நீங்களே அப்ளை பண்ணுங்க. ஒடிசா, ஜார்க்கண்ட்ல இருந்து வந்து மெஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு சேலம் அட்ரஸ வச்சு மட்டும் பாத்தா பாதி தான் தெரியும், அவங்க சொந்த ஊர் ஸ்டேஷன்லயும் விசாரிக்கச் சொல்லிக் கேளுங்க.

ஏற்காடு, ஹாஸ்டல் வார்டன்: மேடம், இங்க மெஸ், தோட்டம், வாட்ச்மேன் எல்லாமே எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரங்க, தாத்தா காலத்துல இருந்து தெரிஞ்ச குடும்பம். அவங்கள எப்படி மேடம் ஸ்டேஷனுக்கு அனுப்பறது?

சங்கடம் புரியுதுங்க. ஆனா 2007ல மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் எடுத்த ஆய்வுல, குழந்தைங்ககிட்ட தப்பா நடந்தவங்கள்ல பாதிப்பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிஞ்சவங்க, இல்ல பொறுப்புல இருக்கறவங்கன்னு வந்துச்சு. தெரிஞ்ச ஆள்ங்கறது நமக்கு ஒரு நிம்மதி, குழந்தைக்கு அது பாதுகாப்பு ஆகாது. ஊர்க்காரங்கள மட்டும் தனியா நிறுத்தி கேட்டா தான் அவமானம், அதனால பிரின்சிபால்ல ஆரம்பிச்சு எல்லாருக்கும் ஒரே நாள்ல ஃபாரம் குடுங்க, யாரும் மூஞ்ச தூக்க மாட்டாங்க.

ஹாஸ்டல்னா பேப்பரோட முடியாதுங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து அப்பா அம்மா பிள்ளைய உங்ககிட்ட விட்டுட்டுப் போறாங்க, ராத்திரி பத்து மணிக்கு அது அழுதா ஓடி வர பக்கத்துல வீட்டாள் யாரும் இல்ல. டார்மிட்டரிக்குள்ள ராத்திரி ஒரு ஆள் மட்டும் தனியா போகக்கூடாது, சிக் ரூம் கதவுல கண்ணாடி இருக்கணும், வீட்டுக்குப் போன் பேசறப்ப வார்டன் பக்கத்துல நிக்கக்கூடாது. இந்த மூணையும் நாளைக்கே பண்ணலாம், செலவும் பெருசா இல்ல.

ஃபேர்லேண்ட்ஸ், ஸ்கூல் ஆபீஸ் மேனேஜர்: ஒரு மேத்ஸ் சார், நல்ல எக்ஸ்பீரியன்ஸ், போலீஸ் ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல, பழைய ஸ்கூல் லெட்டர்ல நடத்தை நன்றுன்னு இருக்கு. ஆனா வெளிய ஒரு மாதிரி பேச்சு அடிபடுது. என்ன பண்ண?

இதைத்தான் நான் எல்லா ஸ்கூல்லயும் தொண்டை வத்த சொல்லிட்டு வர்றேன். போலீஸ் ரிப்போர்ட் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஆள் மேல கேஸ் பதிவாகியிருக்கா இல்லையான்னு. கம்ப்ளைன்ட்டே போகலன்னா ரிப்போர்ட் சுத்தமாத்தான் வரும். நம்ம பக்கம் நடக்கறது என்னன்னா, ஒரு சார் மேல பேச்சு வந்தவுடனே ஸ்கூல் பேர் கெட்டுடும்னு பயந்து அவர கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்கி, நல்ல லெட்டர் ஒண்ணும் கையில குடுத்து கமுக்கமா அனுப்பிடறாங்க, அவர் அடுத்த ஊர்ல அடுத்த ஸ்கூல்ல போய் சேர்ந்துடறார். அது அட்ஜஸ்ட்மென்ட் இல்லங்க, குற்றம். போக்சோ 19ஆவது பிரிவுப்படி சந்தேகம் வந்தாலே போலீஸுக்குச் சொல்லணும், தனக்குக் கீழ வேலை பாக்கறவர் பண்ணத நிறுவனத் தலைவர் சொல்லாம விட்டா 21ஆவது பிரிவுல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, பயோடேட்டாவ வருஷ வாரியா ஒரு பேப்பர்ல எழுதுங்க. 2016 ஜூன்ல சேர்ந்தார், 2018 நவம்பர்ல விட்டார்னு இருந்தா அங்க நிறுத்துங்க. பப்ளிக் எக்ஸாம் பக்கத்துல வர்ற நேரத்துல மேத்ஸ் சார எந்த ஸ்கூலும் லேசுல விடாது, ஏன் விட்டாங்கன்னு கேளுங்க. அவர் குடுத்த நம்பருக்கு அடிக்காம பழைய ஸ்கூலோட ஆபீஸ் நம்பர நீங்களே தேடி எடுத்து பிரின்சிபால்கிட்ட பேசுங்க. "திரும்ப வந்தா சேத்துப்பீங்களா, குழந்தைங்க விஷயத்துல ஏதாவது புகார் வந்துச்சா"ன்னு நேராவே கேளுங்க. லெட்டர்ல எழுதத் தயங்காதவங்க கூட வாயால பொய் சொல்லத் தயங்குவாங்க. பதில் மழுப்பலா வந்தா எடுக்காதீங்க, மேத்ஸுக்கு வேற ஆள் கிடைப்பாங்க.

சூரமங்கலம், டீச்சர்: பதினஞ்சு வருஷ சர்வீஸ் மேடம், இப்ப போய் கேக்கறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நிலத் தகராறுல எங்க வீட்டுக்காரரோட சேத்து என் பேரும் ஒரு எஃப்ஐஆர்ல இருக்கு, வேலை போயிடுமா?

கஷ்டம் நியாயம்தாங்க. ரிப்போர்ட்ல கேஸ் இருக்குன்னு வந்தாலே தூக்கிடணும்னு எந்த விதியும் சொல்லல. வரப்புச் சண்டை வேற, குழந்தை மேல, பொண்ணுங்க மேல பண்ண குற்றம் வேற. ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே எஃப்ஐஆர் காப்பியோட போய் நிர்வாகத்துல எழுத்துல குடுத்துடுங்க. நிர்வாகமும் அந்த ரிப்போர்ட்ட ஸ்டாஃப் ரூம்ல பரப்பாம பூட்டி வைக்கணும்.

ஐந்து ரோடு, ரெண்டு பொண்ணுங்களோட அப்பா: பாலியல் குற்றவாளிங்க லிஸ்ட்ட நாமளே பாக்க முடியுமா?

முடியாதுங்க. 2018 செப்டம்பர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச தேசிய டேட்டாபேஸ் போலீஸ் மாதிரி விசாரணை அமைப்புங்களுக்கு மட்டும்தான்.

ஓமலூர், பிடிஏ மெம்பர்: கராத்தே மாஸ்டர், கேம்ப் நடத்த வர்றவங்க எல்லாம் ஸ்டாஃபே இல்லையே?

பக்கத்துல கிருஷ்ணகிரி மாவட்டத்துல 2024 ஆகஸ்ட்ல வெளிய வந்தத மறக்க முடியுமா. என்சிசி கேம்ப்னு சொல்லி ஒரு போலி ஆள் தனியார் ஸ்கூலுக்குள்ள வந்து, பொண்ணுங்க ராத்திரி ஸ்கூல்லயே தங்கி, நடக்கக்கூடாதது நடந்துச்சு. என்சிசி ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். வெளியாள் யார் வந்தாலும் அவங்க சொல்ற அமைப்புகிட்டயே நேரா விசாரிங்க, ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் கூடவே இருக்கணும். வேன் டிரைவருக்கும் இதேதான், பெற்றோர் சேந்து பேசி வச்ச வேன்னா விசாரிக்கற பொறுப்பு உங்களோடது.

கொண்டலாம்பட்டி, அம்மா: பொண்ணு ஒரு சார் பத்தி ஏதோ சொல்றா, முழுசா சொல்ல மாட்டேங்கறா. முதல்ல ஸ்கூல்ல பேசவா?

வேண்டாம்மா. துருவித் துருவிக் கேக்காதீங்க, அவ சொன்ன வார்த்தைய அப்படியே எழுதி வைங்க. குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு கூப்பிடுங்க, கல்வித்துறையோட உதவி எண் 14417ம் இருக்கு, அனைத்து மகளிர் ஸ்டேஷனுக்கும் நேரா போகலாம். நல்லெண்ணத்துல குடுக்கற தகவலுக்காக உங்க மேல கேஸ் வராது. அவ பேரையோ போட்டோவையோ எந்த வாட்ஸ்அப் க்ரூப்லயும் போட்டுடாதீங்க. எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, நானும் கூட வர்றேன்.