அஞ்சலகத்தில் ஒரு ராத்திரி

கேள்வி: கல்யாணமாகி 25 வருடம். சிங்கப்பூரில் மகன் ஃபுல்லர்ட்டன் ஹோட்டலில் ஒரு ராத்திரி அறை போடுகிறேன் என்கிறான். அவ்வளவு காசு தகுமா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: மகன் காசுதானே தாயே, போய் வாருங்கள்! 1928-ல் திறந்த கட்டடம். தலைமை அஞ்சலகமே அங்கேதான் இருந்தது. அடித்தளத்திலிருந்து சாலைக்குக் கீழே சுரங்கம் வழியாகக் கடிதமூட்டைகள் படகுத்துறைக்குப் போயின. 1942 போரில் காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியாகவும் இருந்தது. ஹோட்டலானது 2001-ல்.

அறை போடும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'கோர்ட்யார்டு' அறை என்றால் ஜன்னல் உள்முற்றத்தைப் பார்க்கும். கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், ஆனால் ஆறும் வராது, கடலும் வராது. ஜன்னலைத் திறந்தால் கீழே யாரோ கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வெள்ளிவிழாவுக்கு அது போதாது. ஆற்றைப் பார்த்த 'கீ' (Quay, அதாவது படகுத்துறை) அறை கேளுங்கள்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சும்மா அழகுக்கு அல்ல. சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம். 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறை 479.60 ஆகிவிடும்.

மனசு ஒப்பவில்லையா? முற்றத்தில் மாலைத் தேநீர் குடிக்க அங்கே தங்கவேண்டியதில்லை. கட்டடத்தின் கதை சொல்லும் காட்சிக்கூடமும் உண்டு, பைசா செலவில்லை. ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம்.