நிறுத்தி வச்ச கார்ல பேட்டரி ஏன் இறங்குது? – கேள்வி பதில்

கார் எலக்ட்ரிக்கல் வேலைதான் என் தொழில். பேட்டரி அடிக்கடி டவுன் ஆகுற வண்டி பத்திக் கேளுங்க.

கே: புது பேட்டரி போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல. தினமும் ஓட்டினா ஒண்ணுமில்ல. மூணு நாள் நிறுத்தினா செல்ஃப் எடுக்காம டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. மறுபடி பேட்டரி மாத்தணுமா?

மாத்தாதீங்க. தினமும் ஓட்டும்போது தொல்லை இல்லைன்னா பேட்டரியும், ஓடும்போது அதுக்கு சார்ஜ் ஏத்துற டைனமோவும் அனேகமா நல்லாத்தான் இருக்கு. நிறுத்தி வச்ச நேரத்துல ஏதோ ஒண்ணு கரண்ட்டைக் குடிக்குது. லீக்கேஜ்னு சொல்றது இதைத்தான்.

பூட்டின வண்டியிலயும் கடிகாரம், அலாரம், ரிமோட் லாக்குக்கு 20லேர்ந்து 50 மில்லிஆம்பியர் போகத்தான் செய்யும். 50ன்னே வச்சாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால பெருக்கின கணக்கு). 45 ஆம்பியர் அவர் பேட்டரி ரெண்டு வாரம் தாங்கிடும். அதுவே அரை ஆம்பியர் போனா நாளைக்கு 12, மூணு நாள்ல 36. உங்க வண்டி படுக்குற கணக்கு அப்படியே வருது பாருங்க.

அளக்குற விதம்: பானெட்டைத் திறந்து வச்சு, அதோட லாக்கை ஸ்க்ரூடிரைவரால மூடின நிலைக்குத் தள்ளுங்க. கதவெல்லாம் மூடி, சாவியைத் தூரமா வையுங்க. நெகட்டிவ் கேபிளைக் கழட்டி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மல்டிமீட்டரை 10 ஆம்பியர்ல வையுங்க. முதல்ல சில ஆம்பியர் காட்டும், பதறாதீங்க. வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் ஆகலாம். அதுக்குள்ள கதவைத் திறக்கவோ சாவியைத் திருப்பவோ கூடாது. மீட்டர் ஃபியூஸ் போயிடும். அதுக்கப்புறமும் 50 மில்லிஆம்பியருக்கு (மீட்டர்ல 0.05) மேல நின்னா ஒவ்வொரு ஃபியூஸா உருவிப் பாருங்க. எதை உருவினா எண்ணு சடக்குனு விழுதோ, அந்த லைன்லதான் கோளாறு.

போன மாசம் ஒரு வண்டியில 180 மில்லிஆம்பியர் நின்னுச்சு. ரிலே (கரண்ட்ல இயங்குற ஸ்விட்ச்) பெட்டி மேல விரலை வச்சுக்கிட்டே வந்தேன். எல்லாம் சில்லுனு இருக்க, ஒரு ரிலே மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு. வெளியில மாட்டின ஃபாக் லைட்டோட ரிலே அது. ஸ்விட்ச்சுக்குள்ள தண்ணி இறங்கி எப்பவும் ஆன்லயே கிடந்திருக்கு. பல்பு ரெண்டும் எப்பவோ ஃபியூஸ் ஆயிட்டதால யார் கண்ணுக்கும் தெரியல. அந்த வண்டிக்காரர் அதுக்குள்ள ரெண்டு பேட்டரி மாத்தியிருந்தார்.

கே: டிக்கியை மூடின பிறகு உள்ள லைட் அணையுதான்னு எப்படிப் பார்க்கிறது?

போன்ல வீடியோ ஓடவிட்டு உள்ள வச்சு மூடுங்க. எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும். டேஷ்போர்டு பெட்டி லைட்டுக்கும் இதே வழிதான்.

கே: மீட்டர்ல 12.6 வோல்ட் இருக்கு. ஆனாலும் செல்ஃப் இழுக்கல.

ஓட்டிட்டு வந்த உடனே பார்த்திருந்தா அந்த 12.6ஐ நம்பாதீங்க. மேலோட்டமான சார்ஜ் அது. சில மணி நேரம் விட்டுப் பாருங்க. அப்பவும் 12.6 இருந்தா முழு சார்ஜ். 12.2ன்னா பாதிதான் இருக்கு.

அடுத்து, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்க. 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரிக்குத் தெம்பு இல்ல. விழாம 12 கிட்டயே நின்னு மோட்டார் சுத்தலைன்னா கரண்ட் போய்ச் சேரலைன்னு அர்த்தம். டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்திருக்கா, பாடி எர்த் (நெகட்டிவை வண்டி பாடியோட சேர்க்கிற வயர்) லூஸா இருக்கான்னு பாருங்க.

கே: எதுக்கு இவ்வளவு மீட்டர்? வண்டியை ஓடவிட்டு பேட்டரி கேபிளைக் கழட்டினா போதும். எஞ்சின் நின்னா டைனமோ போச்சு, ஓடினா நல்லது. முப்பது வருஷமா இப்படித்தான் பார்க்கிறேன்.

தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. டைனமோ கொடுக்குற கரண்ட்டை வாங்கிட்டிருக்கிற பேட்டரியைத் திடீர்னு எடுத்தா வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும். 12 வோல்ட் வண்டியில 100 வோல்ட் கிட்டகூடப் போகலாம். ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), ரேடியோ, டைனமோவோட டையோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுற பாகம்) எது வேணா அந்த நொடியில போகும்.

கே: ஒரு தடவைகூட எனக்கு எதுவும் போனதில்ல.

பழைய கார்பரேட்டர் வண்டியில கெட்டுப் போக பெரிசா எலக்ட்ரானிக்ஸ் கிடையாது அண்ணே. இன்னைய வண்டி அப்படி இல்ல. அதைவிட முக்கியமா, அந்த டெஸ்ட் உண்மையைச் சொல்லாது. பாதி சார்ஜ் கொடுக்குற டைனமோவிலயும் எஞ்சின் ஓடும்.

கே: என் கதை அதேதான். பழைய டீசல் வண்டி. கேபிளைக் கழட்டினாங்க, ஓடிச்சு, டைனமோ நல்லாயிருக்குன்னாங்க. பேட்டரி இன்னும் இறங்குது.

மெக்கானிக்கல் பம்ப் வச்ச டீசல் எஞ்சினுக்கு ஓடுறதுக்குப் பெரும்பாலும் கரண்ட்டே வேண்டாம். டைனமோவைக் கழட்டிக் கீழ வச்சாக்கூட எஞ்சின் ஓடும்! நீங்க பேட்டரி முனையில மீட்டர் வைங்க. எஞ்சின் ஓடும்போது 13.8லேர்ந்து 14.5 வரணும். வந்தும் ராத்திரியில இறங்கினா டைனமோ டையோடு லீக் ஆகலாம். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, டைனமோ பின்னாடி இருக்கிற தடி வயரைப் பிரிச்சு, நுனியை டேப் சுத்தி மூடி, மறுபடி லீக்கேஜ் அளங்க. எண்ணு விழுந்தா டையோடுதான்.

கே: ஓட்டாத வண்டியைத் தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். போதுமா?

அதுதான் கெடுக்குது. செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல எடுக்கும், அஞ்சு நிமிஷ ஐட்லிங்ல பேட்டரி முழுசா சார்ஜ் ஏறாது. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டுங்க.

கே: பேட்டரியில ஆசிட் குறைஞ்சிருக்கு, ஊத்தலாமா?

குறையறது தண்ணி, ஆசிட் இல்ல. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊத்துங்க.

கே: ஹைப்ரிட் காரோட பெரிய பேட்டரி?

ஹை வோல்ட்டேஜ் போற ஆரஞ்சு வயர்ல கை வைக்காதீங்க. அதுக்குப் பயிற்சி எடுத்தவங்ககிட்ட போங்க.

கே: ரெண்டு நாள்ல டவுன் ஆகுது, புது பேட்டரி வாங்கிடலாமா?

முதல் பதிலைப் படிங்க. அளக்காம வாங்காதீங்க.

கே: அடிக்கடி டவுன் ஆகுது. எந்த பேட்டரி நல்லது?

அளக்காம வாங்காதீங்க. லீக்கேஜ் இருக்கிற வண்டியில எந்த பேட்டரியும் நிக்காது.

கே: கேபிளைக் கழட்டிப் பார்ப்பேன்னு சொன்னவன்தான். பழைய வண்டிக்கு அது இன்னும் சரின்னுதான் நினைக்கிறேன். ஆனா இப்ப வீட்டுல இருக்கிறது புது வண்டி. மீட்டரை எங்க வைக்கணும்?

டிசி 20 வோல்ட்ல வைங்க அண்ணே. சிவப்பு வயர் 'வி'ன்னு போட்ட ஓட்டையில இருக்கணும். லீக்கேஜ் பார்த்துட்டு வயரை 10 ஆம்பியர் ஓட்டையிலயே விட்டு, அப்படியே பேட்டரியோட ரெண்டு முனையில வச்சா நேரா ஷார்ட். கையிலயே பொறி பறக்கும். ஒவ்வொரு தடவையும் வயரை மாத்திட்டுத் தொடுங்க.