ஜப்பானில் பழைய லென்ஸ்: விலையைப் பார்க்கும் முன் சீட்டைப் படியுங்கள்

கேள்வி: அடுத்த மாதம் பத்து நாள் ஜப்பான் போகிறேன். என்னிடம் இருப்பது நிக்கான் டி5600, அதனுடன் வந்த 18-55 லென்ஸ். வீட்டுக்குள் குழந்தையைப் படம் எடுத்தால் எல்லாம் ஆடிப்போய் மங்கலாக வருகிறது. 50 மி.மீ. எஃப்1.8 வாங்கச் சொல்கிறார்கள். டோக்கியோவில் பழைய லென்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் நண்பர். 25,000 யென் வரை ஒதுக்க முடியும். நம்பி வாங்கலாமா சார்? வரி, வாரண்டி, சுங்கம் இதெல்லாம் எப்படி? அங்கே வேலை பார்க்கும் அக்கா மகனை விட்டு வாங்கச் சொன்னால் வரி மிச்சமாகுமா?

பதில்: வாங்கலாம். ஆனால் "பாதி விலை" என்பதை முதலில் மறந்துவிடுங்கள். எந்த லென்ஸ் எங்கே என்ன விலைக்குப் போகிறது என்பது டோக்கியோ கடைக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விலையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது கொஞ்சம்தான். அங்கே வாங்குவதன் உண்மையான லாபம் வேறு. லென்ஸில் என்ன குறை என்பதைக் கடைக்காரரே ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருப்பார். அந்தச் சீட்டைப் படிக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால், இவ்வளவு தூரம் போனதற்குப் பலனே இல்லை.

அதற்கு முன்னால் எந்த லென்ஸ் என்று முடிவு செய்வோம். உங்களுக்கு 50 மி.மீ. சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். எஃப் எண் சின்னதாக ஆக ஆக லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் அதிகம். நிக்கானின் 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ்களில் பழைய கடைகளில் அதிகம் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்றின் பெயரில் ஏஎஃப்... 1.8டி என்று இருக்கும். இன்னொன்றில் ஏஎஃப்-எஸ்... 1.8ஜி. முதலாவது மலிவு, உங்கள் கை தானாக அதற்குத்தான் போகும். டி5600-இன் உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைகள் எதிலுமே கிடையாது. டி லென்ஸுக்குள்ளும் மோட்டார் இல்லை. இரண்டையும் சேர்த்து மாட்டினால் படம் எடுக்கும், ஆனால் ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருப்ப வேண்டும். ஓடும் குழந்தைக்குப் பின்னால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிப் பாருங்கள், தெரியும்.

எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். இத்தனை எழுத்துகளைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு நாளாவது கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளருக்கு விளக்கிப் பார்த்திருக்க வேண்டும். ஜி என்று இருந்தாலே மோட்டார் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பழைய 70-300 ஜி ஒன்று இருக்கிறது, அதில் மோட்டார் இல்லை, விலை குறைவு என்று எத்தனையோ பேர் வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். அதனால் எழுத்தை விடுங்கள். லென்ஸைத் திருப்பி, கேமராவில் மாட்டும் உலோக வளையத்தைப் பாருங்கள். திருகாணித் தலை மாதிரி நடுவில் பள்ளம் போட்ட ஒரு சின்ன வட்டம் தெரிகிறதா? அது கேமராவின் மோட்டார் வந்து கோத்துக்கொள்ளும் இடம். உங்கள் கேமராவில் அந்த மோட்டாரே இல்லை என்பதால், அது தெரிந்தால் லென்ஸைக் கீழே வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் 50-ஐயே விட்டுவிட்டு ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்1.8ஜி தேடுங்கள். 2009-இல் வந்தது. உங்கள் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் சின்னது, லென்ஸின் பார்வையை ஒன்றரை மடங்கு குறுக்கிவிடும். 50 போட்டால் 75 மாதிரி ஆகிவிடும். வீட்டுக்குள் குழந்தையின் முழு உருவம் வரவேண்டும் என்றால் நீங்கள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 35 போட்டால் 52 அளவில் இருக்கும். வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் 18-55-ஐ முழுக்க நீட்டினால் எஃப்5.6தான் கிடைக்கும். எஃப்1.8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். உங்கள் படங்கள் ஆடிப்போவதற்கான மருந்து அதுதான். நாளைக்கு உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை மிரர்லெஸ் கேமரா வாங்கினால் வீணாகுமே என்ற பயமும் வேண்டாம். ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள், இடையில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக நிக்கானின் மிரர்லெஸ் வரிசையான இசட் கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும்.

இனி கடை. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் மேப் கேமரா, கிடாமுரா இருக்கின்றன. ரயிலில் சில நிமிடம் தள்ளி நக்கானோவில் ஃபுஜியா. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பழைய பொருளுக்கு அவர்கள் ஒட்டும் சீட்டில் தரத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இருக்கும். பிஹின் என்றால் அழகாக இருக்கிறது, ரியோஹின் என்றால் நல்ல நிலை, நாமிஹின் என்றால் உழைத்த பொருள். கடைக்குக் கடை இது கொஞ்சம் மாறும், சிலர் ஆங்கில எழுத்துகள் போடுவார்கள். தரச் சொல்லைவிட அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரிதான் முக்கியம். கபி என்றால் பூஞ்சை. குமோரி என்றால் கண்ணாடி பால் படிந்த மாதிரி மங்கியிருக்கிறது. கிஸு என்றால் கீறல். சிரி என்றால் தூசு. கைப்பேசியில் மொழிபெயர்ப்புக் கேமராவை வைத்தால் வரி முழுக்கப் படித்துவிடலாம். தூசும், வெளிப்பக்கம் தேய்மானமும் எழுதியிருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். விலைதான் குறையும், படம் குறையாது. பூஞ்சை, மங்கல் இரண்டில் ஒன்று எழுதியிருந்தாலும் வேண்டாம்.

பழுதான, சோதித்துப் பார்க்காத பொருள்களை ஜங்க் என்று தனிக் கூடையில் போட்டிருப்பார்கள். ஹார்டு ஆஃப் மாதிரிக் கடைகளில் பெட்டி பெட்டியாக இருக்கும். பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்னைப் போன்ற ஆட்களுக்கு அது பொக்கிஷம். உங்களுக்கு அல்ல. ஜங்க் என்று எழுதிவிட்டால் திருப்பித் தர முடியாது, வேலை செய்யும் என்ற பேச்சும் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்த ஜங்க் கூடையில் பொறுக்கிய லென்ஸைத் துடைத்து, அழகாகப் படம் எடுத்து, "ஜப்பானிலிருந்து, மின்ட் நிலை, ப்ளஸ் ப்ளஸ் ப்ளஸ்" என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். என் மேசைக்கு வந்த அப்படியொரு "மின்ட்" லென்ஸில் உள்கண்ணாடி முழுக்கப் பூஞ்சை வேர் விட்டிருந்தது. விளம்பரத்தைத் திரும்பப் படித்தால் கடைசி வரியில் "லேசான பூஞ்சை உண்டு, படத்தைப் பாதிக்காது" என்று இருக்கிறது! "படத்தைப் பாதிக்காது" என்ற இரண்டு சொல்லைப் பார்த்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். அதே ஆட்கள் "நீங்கள் அலைய வேண்டாம், ஹோட்டலுக்கே கொண்டுவந்து தருகிறோம்" என்றும் எழுதுவார்கள். நீங்களே நேரில் போகப்போகிறீர்கள். நடுவில் ஆள் எதற்கு?

கடையில் லென்ஸைப் பார்க்க உங்கள் கேமராவைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். கேட்டால் பெரும்பாலும் மாட்டிப் பார்க்க விடுவார்கள். முதலில் கைப்பேசி டார்ச்சைப் பின்கண்ணாடி வழியாக அடித்து, முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒட்டடை மாதிரி, செடி வேர் மாதிரி கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை. தனித்தனிப் புள்ளிகள் தூசு, அது எல்லா லென்ஸிலும் இருக்கும், பதறாதீர்கள். முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலை மன்னிக்கலாம், பின்கண்ணாடியில் இருந்தால் மன்னிக்காதீர்கள். பின்னால் ஒரு சின்ன நெம்புகோல் துருத்திக்கொண்டிருக்கும். விரல் நுனியால் மெதுவாகத் தள்ளிப் பிடித்து, பிறகு விரலை எடுங்கள். உள்ளே வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் இதழ்கள் டக்கென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் இதழில் எண்ணெய் ஏறியிருக்கிறது.

அப்புறம் மாட்டி, எஃப்1.8-இல் அலமாரியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை நேருக்கு நேர் நின்று படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி நான்கு மூலையையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கரைந்து போயிருந்தால் எப்போதோ கீழே விழுந்து கண்ணாடி நகர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு லென்ஸ் வாங்கலாம். ஃபோகஸ் செய்யும்போது கீச்சென்ற சத்தம் வரக்கூடாது. பில் போடும்போது ஃபில்டர், துடைக்கும் பேனா என்று சேர்த்து நீட்டினால் வேண்டாம் என்று தலையாட்டிவிடுங்கள். 35-க்கு முன்னால் 52 மி.மீ. மூடியும் பின்னால் ஒரு மூடியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது வரி. ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம். சீட்டில் இருப்பது வரியோடு சேர்ந்த விலை. சுற்றுலாப் பயணிக்கு, வரிவிலக்கு உரிமம் பெற்ற கடையில், ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யெனோ அதற்கு மேலோ வாங்கினால் அது கழியும். 22,000 யென் லென்ஸில் உங்களுக்கு மிச்சம் 2,000. பழைய பொருளுக்கும் உண்டு, ஆனால் வாசலில் வரிவிலக்கு அடையாளம் ஒட்டிய கடையாக இருக்க வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டு போங்கள். ஹோட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு கைப்பேசியில் அதன் படத்தைக் காட்டினால் நடக்காது. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் முழு வரியும் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் பொருளை உறுதி செய்த பிறகு திரும்பப் பெற வேண்டும். வரியில்லாமல் வாங்கி அங்கேயே விற்ற சிலரின் திருட்டுத்தனத்துக்கு எல்லோரும் விமான நிலையத்தில் சீக்கிரம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு போவதானால் லென்ஸைச் செக்-இன் பெட்டிக்குள் புதைக்காதீர்கள், கைப்பையில் இருக்கட்டும்.

உங்கள் அக்கா மகன் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவர் அங்கே வேலை விசாவில் இருக்கிறார். வரிவிலக்கு, குறுகிய காலம் வந்து போகிறவருக்கானது. வெளிநாட்டு பாஸ்போர்ட் கையில் இருந்தால் மட்டும் போதாது, அதில் எந்த வகை அனுமதி ஒட்டியிருக்கிறது என்று கடைக்காரர் பார்ப்பார். வேலை விசா என்றால் கிடையாது, மாணவர் விசா என்றாலும் கிடையாது. "மாமாவுக்காக வாங்குகிறேன், அவர் ஊருக்கு எடுத்துப் போய்விடுவார்" என்றாலும் நடக்காது. வாங்குகிறவரின் பாஸ்போர்ட்டில்தான் பதிவாகும். சரி, அதைத் திருப்பிப் போட்டு, உங்கள் பாஸ்போர்ட்டில் நீங்கள் வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு வரலாமா என்றால், அது இன்னும் மோசம். வரிவிலக்கில் வாங்கிய பொருள் உங்களோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும். கிளம்பும்போது சுங்கத்தில் எங்கே என்று கேட்டால், காட்ட முடியாத பொருளுக்கு வரி கட்டச் சொல்வார்கள். அவரை ஒரே ஒரு வேலைக்கு அழைத்துப் போங்கள்: லென்ஸின் சீட்டில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துச் சொல்ல.

கார்டு தேய்க்கும்போது இயந்திரம் "யெனிலா, உங்கள் நாட்டுப் பணத்திலா?" என்று அன்பாகக் கேட்கலாம். யென் என்றே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதத்தை அவர்கள் இஷ்டத்துக்குப் போட்டு, நீங்கள் மிச்சம் பிடித்த வரியில் ஒரு பங்கை விழுங்கிவிடுவார்கள்.

வாரண்டியைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். பழைய பொருளுக்குக் கடை கொடுப்பது கடையின் வாரண்டி. அது கடை இருக்கும் ஊரில்தான் செல்லும். புதிதாக வாங்கினாலும் லென்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் வாரண்டியை நாடு பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. ஒரே தொழிற்சாலையில் செய்த கண்ணாடி எல்லை தாண்டினால் அநாதையாகிவிடுமாம்! ஜப்பானில் வாங்கினால் மெனு ஜப்பான் மொழியில்தான் இருக்கும் என்று யாராவது பயமுறுத்தினால், அது சில கேமராக்களுக்குப் பொருந்தும், லென்ஸில் மெனுவே கிடையாது.

திரும்பி வரும்போது உங்கள் நாட்டுச் சுங்கத்தில் ஒரே ஒரு பழைய லென்ஸ், அதற்கான பில் கையில், விலை பயணிக்கான வரம்புக்குள். இதில் பிரச்சினை வராது. நண்பர்கள் பட்டியல் கொடுத்து நான்கு லென்ஸ் வாங்கி வரச் சொன்னால்தான் வரும், அதற்கு மறுத்துவிடுங்கள். பில்லில் பொருளின் பெயர் ஆங்கிலத்திலும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். போகும்போது எடுத்துச் செல்லும் டி5600-இன் பழைய பில்லின் நகலும் பையில் இருக்கட்டும்.

கடைசி நாள் மாலை, விமானத்துக்கு முன்னால் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் கடைக்குப் போகிற வேலை வேண்டாம். முதல் இரண்டு நாளிலேயே வாங்கி, அன்று எடுத்த படங்களை இரவு ஹோட்டலில் நிதானமாகப் பாருங்கள். ஏதாவது உறுத்தினால் பில்லோடு கடைக்குத் திரும்பிப் போக உங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கும்.