சந்தேகமும் கேலியும்: இங்கிலாந்துக்கு வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மேலாளர் அனுப்பிய அறிக்கையில் ஓர் இடம் விளங்காமல் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று பணிவாக எழுதியதற்கு அவர் ஏன் கடுமையாகப் பதில் அனுப்பினார் என்று கேட்டிருக்கிறீர்கள். உடன் வேலை பார்ப்பவர்களின் பேச்சில் எது விளையாட்டு, எது அவமதிப்பு என்று எப்படிப் பிரித்தறிவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மன்னார்குடி, நான் கும்பகோணத்துப் பக்கம். ஆகவே நம் ஊர்ப் பேச்சை வைத்தே சொல்கிறேன்.

நம் பள்ளிக்கூடங்களில் பாடம் முடிந்ததும் ஆசிரியரே ‘யாருக்காவது டவுட் இருக்கிறதா?’ என்று கேட்பார். அங்கே அந்தச் சொல்லுக்கு விளங்காத இடம் என்பதுதான் பொருள். இங்குள்ளவர் காதிலோ அது ‘நீங்கள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று விழுகிறது. இனி ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று எழுதுங்கள்; உங்கள் பணிவு அப்படியே போய்ச் சேரும்.

இதைவிட நுட்பமானது டவுட், சஸ்பெக்ட் என்ற இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. ‘கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்பது சந்தேகம்தான்’ என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால், வராது என்று அவர் நினைக்கிறார். ‘மேலே யாரோ மடையை அடைத்துவிட்டார்கள் என்று சந்தேகம்’ என்று சொன்னால், அடைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்; ஆங்கிலத்தில் முன்னதற்கு டவுட், பின்னதற்கு சஸ்பெக்ட். வேலைக்கு வராத நண்பரைப் பற்றி ‘ஐ சஸ்பெக்ட் ஹி இஸ் இல்’ என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை போலும் என்று பொருள். ‘ஐ டவுட் ஹி இஸ் இல்’ என்றால் உடம்பு சரியில்லை என்பதை நான் நம்பவில்லை என்று பொருள். நண்பருக்காகப் பரிந்து பேசப் போய் அவரைப் பொய்யராக்கிவிடும் அளவுக்கு இது பெரிய வேறுபாடு என்பதால், இந்த இரண்டையும் முதலில் பழகிக்கொள்ளுங்கள். அவநம்பிக்கையைக் குறிக்கும் டிஸ்ட்ரஸ்ட், மிஸ்ட்ரஸ்ட் ஆகியவற்றை இங்குள்ளவர்களே பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் புழங்குகிறார்கள். அவற்றுக்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

உங்கள் திட்டத்தைப் பற்றி ஒருவர் தாம் ‘ஸ்கெப்டிக்கல்’ என்று சொன்னால் மனம் நோக வேண்டாம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறப்பார்கள் என்ற செய்தியைக் கேட்டும், ‘என் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே நாற்று விடுவேன்’ என்று சொல்லும் விவசாயியின் நிலை அது. சான்று காட்டினால் மாறும். ‘யார் திறந்தாலும் தங்கள் ஆதாயத்துக்காகத்தான் திறப்பார்கள்’ என்று சொல்பவர் ‘சினிக்கல்’. அவருக்கு மனிதர்களின் நோக்கத்திலேயே நம்பிக்கை கிடையாது. அப்படிப்பட்டவரிடம் புள்ளிவிவரங்களை அடுக்கிப் பயனில்லை.

அவநம்பிக்கையை வெளிப்படையாகக் காட்டாத சொற்களும் உண்டு. ‘சொன்னார்’ என்பதற்கும் ‘சொல்லிக்கொள்கிறார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும்; ‘ஹி கிளெய்ம்ஸ்’ என்பதில் பெரும்பாலும் அந்தப் பின்னதன் சாயல் இருக்கும். ‘சோ கால்டு எக்ஸ்பர்ட்’ என்றால் ‘பெரிய நிபுணராம்’ என்று நாம் உதட்டைச் சுழிப்பது போன்றது. ‘என்று அழைக்கப்படும்’ என்ற நேரான பொருளில் நம்மவர் பலர் அதை மதிப்புக்குரியவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள், நீங்கள் தவிர்த்துவிடுங்கள்.

இனி கேலி. ‘டீசிங்’, ‘பேன்டர்’, ‘புல்லிங் யுவர் லெக்’ ஆகியவை பெரும்பாலும் நம் கிண்டலைப் போல நெருக்கத்தின் அடையாளங்கள். நீங்களும் திருப்பிக் கிண்டல் செய்யலாம் என்ற உரிமை அவற்றில் உண்டு. ‘மாக்கிங்’, ‘ரிடிக்யூல்’ ஆகியவை ஏளனம். அவற்றில் அந்த உரிமை கிடையாது. ‘டேக்கிங் தி மிக்கி’ நட்பான கிண்டலாகவும் இருக்கலாம். ஆனால் ‘ஆர் யூ டேக்கிங் தி மிக்கி?’ என்று ஒருவர் முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டால், நீங்கள் வரம்பு மீறுவதாக அவர் கருதுகிறார். சர்காசம் என்ற குத்தல் பேச்சைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். நம் ஊரில் நக்கல் குரலிலேயே தெரிந்துவிடும். இங்கே முகமும் குரலும் மாறாமலே ‘பிரில்லியண்ட்’ என்பார்கள். நடந்தது பாராட்டுக்குரியதா என்று பாருங்கள். கோப்பை கவிழ்ந்து மேசையெல்லாம் காப்பியாகிவிட்டபோது வரும் ‘பிரில்லியண்ட்’ பாராட்டாக இருக்க முடியாது.

உங்கள் நிறத்தையோ, நாட்டையோ, உச்சரிப்பையோ வைத்து ஒருவர் தொடர்ந்து பேசிவிட்டு, நீங்கள் முகம் வாடியதும் ‘இட் இஸ் ஒன்லி பேன்டர்’ என்று சொன்னால், அதைப் பொறுத்துக்கொள்வதுதான் பண்பு என்று நினைக்காதீர்கள். இந்த இடத்தில் நான் உறுதியாகவே சொல்வேன். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இனத்தோடு தொடர்புடைய வேண்டாத பேச்சு ஒருவரின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கம் கொண்டதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அது அத்தகைய விளைவை உண்டாக்கியதா என்பதையும், அவர் அப்படி உணர்ந்தது நியாயமா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகவே வேடிக்கைக்குச் சொன்னேன் என்பது மட்டும் பேசியவரைக் காப்பாற்றாது. முதலில் ‘ப்ளீஸ் டோன்ட் சே தட்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். மறுபடியும் நடந்தால் நாளையும், அவர் சொன்ன சொற்களையும், உடன் இருந்தவர்களையும் அன்றே எழுதி வையுங்கள். மேலாளரிடம் போவதற்கு முன் ஆலோசனை வேண்டுமென்றால், வேலையிடச் சிக்கல்களுக்கு வழிகாட்டும் ஏகாஸ் (Acas) அமைப்பைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். அவர்கள் தரும் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.